வெள்ளை வண்டி நின்ற வாசல்

“வண்டிக்கு வண்டி மாத்திக்கலாம் மாப்ள. நீயும் ஒரு பைசா தர வேண்டாம், நானும் ஒரு பைசா தர வேண்டாம். என்ன சொல்ற?”

பெரியசாமி தன்னுடைய பிக்கப் வண்டியின் பின்கதவை ஓங்கித் தட்டினார். டங்கென்று சத்தம் வந்தது. ‘கேட்டாயா?’ என்பதுபோல் கந்தவேலைப் பார்த்தார்.

கந்தவேல் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் கண், வேப்பமரத்தடியில் நின்ற தன் வெள்ளை ஸ்கார்பியோ மேல் இருந்தது. பின்சீட்டுகளைக் கழற்றித் தார்ப்பாய் விரித்து, அதில்தான் காலையில் மேச்சேரிச் சந்தைக்குப் போய் வந்திருந்தான். விலை படியாமல் திரும்பி வந்த கிடா ஒன்று, இன்னும் இறங்க மனமில்லாமல் பின்கண்ணாடி வழியாக வாசலை வேடிக்கை பார்த்தது.

“அதப் பாரு, எம்மெல்ஏ மாதிரி நிக்கறத. ஏசி போட்டுக் கூட்டியாந்தியாக்கும்?”

“வெயிலுங்க மாமா. கண்ணாடிய எறக்குனா எட்டிக் குதிச்சுருது.”

“அதான் சொல்றேன். ஆட்டுக்கு எதுக்கு இந்தச் சொகுசு? என்ற பிக்கப்புல ஏத்து, இருபது உருப்படி தாராளமா நிக்கும். உனக்கு இது ஆவும், எனக்கு அது ஆவும். நம்ம காளிதாசுக்கு இந்த ஆவணியிலயாச்சும் முடிக்கோணும். பொண்ணூட்டுக்காரங்க வந்தா வாசல்ல லோடு வண்டியா நிக்கறது?”

காளிதாஸ் அவர் மகன். இப்போதுதான் முப்பதைத் தாண்டுகிறான். கந்தவேலுக்கு வருகிற தையில் நாற்பது.

“அப்ப எனக்கு நிக்க வேண்டாமுங்களா மாமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான் கந்தவேல்.

பெரியசாமி சிரிக்கவில்லை. வாயைத் திறந்தார், மூடினார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வெள்ளிக்கெழமைக்குள்ள ரோசன பண்ணிச் சொல்லிப்போடு. இல்லீன்னா நான் ஈரோட்டுப் பக்கம் பாக்கோணும்.”

அவர் போன பிறகும், அவர் சொல்லாமல் விழுங்கியது மட்டும் வாசலிலேயே நின்றது.

அந்த ஸ்கார்பியோ வந்ததே கல்யாணத்துக்காகத்தான். சங்ககிரியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற அந்த ஊரில், கந்தவேலுக்குக் காடு இருந்தது, கிணறு இருந்தது, ஒரு பட்டி நிறைய மேச்சேரி ஆடு இருந்தது. பெண்தான் கிடைக்கவில்லை. படித்த பெண்கள் கோயமுத்தூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். படிக்காத பெண் என்று யாரும் மிச்சமில்லை. கல்யாணத் தரகர் மணியன் ஒருநாள் காபியைக் குடித்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

“ஆடு வெச்சிருக்கற மாப்பிள்ளைன்னு நான் போயி எப்படிங்க சொல்றது? அந்தப் புள்ள அங்கயே எந்திரிச்சு உள்ள போயிருது. வாசல்ல ஒரு பெரிய வண்டி நிக்கட்டும். மிச்சத்த நான் பேசிக்கறேன்.”

வண்டி வந்தது. மணியன் சொன்னபடி வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்குச் சாயம் அடித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, வண்டியில் சாய்ந்தபடி ஒரு போட்டோவும் எடுத்தாயிற்று. அந்தப் போட்டோ ராசிபுரம் போனது, திருச்செங்கோடு போனது, ஜலகண்டாபுரம் போனது. கூடவே கந்தவேலும் போனான். எல்லா வீட்டிலும் முறுக்கும் காபியும் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலிருந்தும் ‘ஜாதகம் ஒத்துவரலை’ என்று பதில் வந்தது. ஒத்துப்போன ஜாதகத்துக்கும் அதே பதில் வந்தபோது, கந்தவேல் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டான்.

ஆட்டு வியாபாரம் அதுபாட்டுக்கு நடந்தது. கறிக்கடைக்காரர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கிடா வேண்டும். வாடகைப் பிக்கப்புகளும் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் வேண்டும். டிரைவர் வரவில்லை என்று அவன் சொன்னால் கடைக்காரர்கள் கேட்பதில்லை. “கெடா வருதா, அதச் சொல்லு. டிரைவர் கதையெல்லாம் உங்கூரு டீக்கடைல சொல்லு” என்று திருச்செங்கோட்டுக் கடைக்காரர் மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு, வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் பின்சீட்டுகள் கழன்றன. பெண் பார்க்கப் போகும்போது மட்டும் சீட்டைத் திரும்ப மாட்டி, வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி, உள்ளே ஊதுபத்தி கொளுத்தி வைப்பான். ஊதுபத்தி வாசமும் ஆட்டு வாசமும் கலந்து, ஏதோ கிடா வெட்டுக்குப் போவதுபோல் இருக்கும்.

கடைசியாகப் போனது பரமத்திக்கு. பெண்ணின் பெயர் தனப்பிரியா. தனியார் கல்லூரி ஒன்றில் ஆபீஸ் வேலை. முப்பத்துநாலு வயது. “ரெண்டு வார்த்தை பேசிக்கங்க” என்று பெரியவர்கள் சொன்னதும் இருவரும் வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். கதவைத் திறந்து, சீட்டு இடுக்கில் சிக்கியிருந்த, ஆட்டுக்குப் போடுகிற காய்ந்த கடலைக்கொடி ஒன்றை எடுத்தாள்.

“இதுல ஆடு ஏறுதுங்களா?”

கந்தவேல் அவசரமாகச் சீட்டைத் தட்டிவிட்டான். “எப்பவாச்சுமுங்க.”

“மேச்சேரி ஆடுங்களா?”

“ஆமாங்க.”

“இப்பக் குட்டி இருக்குதுங்களா?”

“நெறைய இருக்குதுங்க. ஒண்ணு ஊட்டுக்குள்ளயே சுத்துது. அம்மா மடியில ஏறிப் படுத்துக்கும்.”

அவள் சிரித்தாள். கடலைக்கொடியைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் எந்தப் பெண்ணும் அவனிடம் ஆட்டைப் பற்றிக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மணியன் போனை எடுப்பதில்லை. எடுத்தால், “ரோசன பண்றாங்களாமா” என்பார். ஒரு மாதம் ஓடிவிட்டது. யோசனை என்றால் என்ன அர்த்தம் என்று கந்தவேலுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடலைக்கொடியை நினைத்துக்கொண்டுதான், பெரியசாமி கேட்டதும் ‘சரி’ என்று வாய் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் அம்மா சென்னம்மாளே பேச்சை எடுத்தாள். “வெச்சுக்கறதா குடுக்கறதான்னு நீ சோறு திங்காமக் கெடக்கற. எனக்கும் ஒண்ணும் தோண மாட்டீங்குது. நாளைக்கு அம்மங்கிட்டப் பூக் கேட்டுர்லாம் சாமி. அவ சொல்றபடி செஞ்சுக்கலாம்.”

அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். காடு வாங்குவதானாலும், கிணறு வெட்டுவதானாலும், இரண்டு மனசாக இருந்தால் அம்மன் காலடியில் இரண்டு பொட்டலம் வைப்பார்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை சென்னம்மாள் மட்டும் உள்ளே போனாள். கந்தவேல் வெளியே வண்டியில் சாய்ந்து நின்றான். சிவப்பு வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். வண்டி வாசலிலேயே நிற்கும். வியாபாரம் போனால் போகட்டும், பரமத்திக்காரர்கள் இன்னும் ‘இல்லை’ என்று சொல்லவில்லையே.

சென்னம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலேயே வண்டியில் ஏறினாள்.

“என்னங்கம்மா சொன்னா?”

“மாத்திக்க சாமி. இன்னிக்கே மாத்திக்க.”

அன்று மத்தியானமே கைமாறிவிட்டது. காளிதாஸ் ஸ்கார்பியோவில் ஏறி உட்கார்ந்து, சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணாடியில் முடியைக் கோதினான். “மச்சான், ஆட்டு வாசம் போறதுக்கு என்ன போடோணும்?” என்று கேட்டான். “கல்யாணம் ஆனாப் போயிரும்” என்றார் பெரியசாமி. எல்லோரும் சிரித்தார்கள். கந்தவேலும் சிரித்தான்.

பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில் அதே இடத்தில் நிறுத்தினான். சென்னம்மாள் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். கோயில் திருநீற்றை முன்கண்ணாடியில் பூசுவதற்காக முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். திருநீற்றுப் பொட்டலத்தோடு ஒரு செவ்வரளிப் பூவும் கீழே விழுந்தது.

கந்தவேல் குனிந்து அதை எடுத்தான். வாடியிருந்தது. நிறம் மட்டும் வாடவில்லை.

“செவப்புங்களாம்மா வந்துது?”

சென்னம்மாள் எலுமிச்சம்பழத்தை நேராக நகர்த்தி வைத்தாள்.

“செவப்பு வந்தா மாத்த வேண்டாம்னுதானுங்களே? ஏன் பொய் சொன்னீங்க?”

“நான் பொய் சொல்லலை. வெள்ளை வந்துதுன்னு நான் எங்க சொன்னேன்?” அவள் பிக்கப்பின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள். “வண்டியப் பத்திக் கேக்கத்தான் சாமி போனேன். அவ மூஞ்சியப் பாத்ததும் வண்டி ஞாபகமே வரலை. ‘ஆத்தா, என்ற பையனுக்கு இனி ஒருத்தி வருவாளா மாட்டாளா, அத மட்டும் சொல்லு’ன்னு கேட்டுப்போட்டேன்.”

கொட்டகையில் ஒரு குட்டி கத்தியது. தாய் ஆடு பதில் கொடுத்தது.

“வரமாட்டான்னு ஆனதுக்கப்பறம் வாசல்ல அது நின்னு என்ன, நிக்காட்டி என்ன? அதான் மாத்திக்கன்னேன்.”

“மறுபடி கேட்டிருக்கலாமுங்களே.”

“ஒண்ணையே ரெண்டு தடவை கேக்கப்படாது கண்ணு.”

கந்தவேல் திருநீற்றை வாங்கி, தானே கண்ணாடியில் மூன்று கோடு இழுத்தான். பூவை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் அதையும் டேஷ்போர்டின் மேல் வைத்தான்.

பிக்கப் நன்றாகவே ஓடியது. அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் இரண்டு கறிக்கடைகள் திரும்ப வந்தன. கந்தவேல் சவரம் செய்வதை விட்டான். தலைச்சாயம் வாங்குவதை விட்டான். காதோரத்தில் நரை எட்டிப் பார்த்தது. யாருக்காக மறைப்பது?

மறுவாரம் சந்தையில் கிடாக்கள் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பும்போதுதான் அந்தக் கார் எதிரே வந்தது. மண்பாதை தார்ச்சாலையில் சேருகிற இடம். சின்னக் கார். கையைக் காட்டி நிறுத்திவிட்டு இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர். இன்னொருவர் பேன்ட் போட்ட மீசைக்காரர், கொஞ்சம் இளையவர்.

“ஏனுங் தம்பி, இந்த ஊருங்களா?” என்றார் பெரியவர்.

“ஆமாங்க.”

“கந்தவேலுன்னு, ஆடு வெச்சிருக்கறவரு. தெரியுமுங்களா? நாங்க பரமத்திங்க.”

கந்தவேல் என்ஜினை அணைத்தான். பெண் வீட்டில் பாதிக்கு மேல் சம்மதம் ஆன பிறகுதான் இப்படி விசாரிக்க வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்திராத முகமாகத் தேடி அனுப்புவார்கள். டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் நின்று, பையன் எப்படி, குடி உண்டா, கோபம் உண்டா என்று ஊர்வாயைக் கிளறுவார்கள். எத்தனையோ வீட்டுக் காபி குடித்திருக்கிறான். இந்தப் படிக்கு ஒருவரும் வந்ததில்லை.

‘நான்தானுங்க.’ அவ்வளவு சொன்னால் போதும். ஆனால் தலையில் உருமால், இடுப்பில் சாணிக்கறை படிந்த லுங்கி, முகத்தில் ஒரு வாரத் தாடி. முதலில் உருமாலையாவது அவிழ்க்கலாம் என்று கையைத் தூக்கினான்.

அதற்குள் மீசைக்காரர் பேசிவிட்டார். “இன்னும் என்னத்த மாமா விசாரிக்கறது? வந்ததே இரவல் வண்டி.”

“என்ன வண்டிங்க?” என்றான் கந்தவேல். அந்த ஒரு கேள்வியில் அவன் மூன்றாம் மனிதனாகிவிட்டான்.

மீசைக்காரர் போனை எடுத்து போட்டோவைக் காட்டினார். வெள்ளை ஸ்கார்பியோ பளபளத்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் அதில் சாய்ந்து சிரித்தான். “இவருதானுங்களே கந்தவேலு?”

கந்தவேல் போட்டோவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். மீசைக்காரர் அவன் முகத்தையும் பார்த்தார், போட்டோவையும் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை அவருக்கு.

“ஆமாங்க. அவருதான்.”

“இதே நம்பர் வண்டி ஊருக்குள்ள நொழையறப்பவே ஒரு ஊட்டு முன்னால நிக்குதுங்க. யாரு வண்டின்னு கேட்டா, ஒரு பையன் நெஞ்ச நிமித்திக்கிட்டு எங்க வண்டிதானுங்கறான். காளிதாசாமா பேரு. பொண்ணு பாக்கறதுக்கு ஊரான் வண்டியக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்காரு.”

காளிதாஸ் வேறென்ன சொல்வான்? காரில் வந்த அசலூர்க்காரர்கள் வண்டியைப் பற்றிக் கேட்டால், தனக்குத்தான் யோகம் என்று நினைத்திருப்பான்.

“அது அவரு வண்டிதானுங்க,” என்றான் கந்தவேல். “போன வாரந்தானுங்க மாத்திக்கிட்டாரு. பிக்கப் வேணும்னு.”

மீசைக்காரர் பெரியவரிடம் திரும்பினார். “பாத்தீங்களா? ஊர்க்காரங்க விட்டுக் குடுப்பாங்களா?” பிறகு கந்தவேலிடம், “ஏனுங்க, பொண்ணப் பாத்துட்டு வந்து, பதிலு வர்றதுக்குள்ள எவனாச்சும் வண்டிய மாத்துவானுங்களா? நீங்களா இருந்தா மாத்துவீங்களா?”

கந்தவேல் உருமாலை இழுத்து இறுக்கிக் கட்டினான்.

பெரியவர் பிக்கப்பின் பின்பக்கம் போய் நின்றார். கிடாக்களின் கொம்படியைத் தடவிக் கொடுத்தார். “நல்ல மேச்சேரி. உங்குளுதுங்களா?”

“ஆமாங்க.”

“எங்க புள்ள வண்டியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலீங்க தம்பி. ‘பட்டியப் பாத்துட்டு வாங்க பெரிப்பா, ஊட்டுக்குள்ள ஒரு குட்டி சுத்துதாமா, அது இருக்குதான்னு பாத்துட்டு வாங்க’ன்னு சொல்லியுட்டா. நாங்கதான் கூட்டம் போட்டுக்கிட்டு இத்தன நாளா இழுத்துட்டோம்.” அவர் கையைத் தட்டிக்கொண்டார். “சரி, மனசறிஞ்சு சொல்லுங்க. ஆளு எப்படி?”

“வம்புக்குப் போக மாட்டாருங்க. அம்மாவும் அவருந்தான்.”

“குடி?”

“இல்லீங்க.”

“பின்ன ஏன் இத்தன வயசு வரைக்கும் அமையல?”

கிடா ஒன்று காலை மாற்றி வைத்தது. தகரம் டங்கென்றது.

“தெரியலீங்க” என்றான் கந்தவேல்.

அது மட்டும்தான் மூன்றாம் மனிதனாக இல்லாமல் அவன் சொன்ன பதில். பெரியவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர்போல் இருந்தார். மீசைக்காரர் காரைக் கிளப்பிவிட்டார்.

“வாங்க மாமா. வண்டியிலயே பொய்யின்னா ஊட்ல என்னென்ன பொய்யோ. ஜாதகம் ஒத்துவரலைன்னு சொல்லிக்கலாம்.”

கார் சாலையில் ஏறியது. வலதுபக்க விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. கந்தவேல் பிக்கப்பைத் திருப்பி அதன் பின்னாலேயே போனான். கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட் வரும், அங்கே நிற்பார்கள், பிடித்துவிடலாம். இறங்கிப் போய், நான்தானுங்க அது, வெட்கத்தில் சொல்லவில்லைங்க என்று காலில் விழுந்தாவது சொல்லலாம். இத்தனை நேரம் அடுத்தவன்போல் நின்று பதில் சொன்னவன் சொன்னால் நம்புவார்களா? நம்பாவிட்டாலும் சொல்லலாம்.

வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. டேஷ்போர்டின் மேலிருந்து ஏதோ அவன் மடியில் விழுந்தது. சருகாகிப் போன செவ்வரளி.

கந்தவேலின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. அம்மன்தான் அன்றைக்கே சொல்லிவிட்டாளே. இனி யாரைத் துரத்தி என்ன? பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனார். சின்னக் கார் கண்ணுக்கு மறைந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபோது வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நான்கு அவர்கள் வீட்டுடையவை. மற்றவை பக்கத்து வீட்டில் வாங்கியவை. சென்னம்மாள் கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அவள் இடுப்பில் அந்தக் குட்டி, கழுத்தில் புதுக் கயிற்றோடு.

“சாமி! பக்கத்தூட்டு நல்லம்மா பாலு ஊத்தப் போனவ ஓடியாந்து சொன்னா. பரமத்திக்காரங்களாமா. சொசைட்டிகிட்டக் கார நிறுத்தி, கந்தவேலு ஊடு எதுன்னு கேட்டாங்களாமா.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “அம்மன் மனசு மாறிட்டா பாரு. நான் பாலக் காய்ச்சி வெச்சுட்டேன். நீ போய் மூஞ்சியக் கழுவி அந்த வெள்ளைச் சட்டையப் போட்டுக்க. அதென்ன, இன்னும் காணோம்? வழி தெரியாம சுத்தறாங்களாட்ட இருக்குது. நீ வர்ற வழியில பாக்கலையா?”

கந்தவேல் உருமாலை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

“யாரும் வரலீங்கம்மா.”

“ஒரு கார் கூட?”

“இல்லீங்க.”

அவன் பின்கதவைத் திறந்துவிட்டான். கிடாக்கள் ஒவ்வொன்றாகக் குதித்து, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, கோலத்தை மிதித்துக்கொண்டு பட்டிக்குப் போயின. சென்னம்மாள் அவற்றை விரட்டவில்லை. குட்டியை அணைத்தபடி, மண்பாதை திரும்புகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கந்தவேல் ஒரு நாற்காலியைத் தூக்கி இன்னொன்றின்மேல் வைத்தான்.

“இரு சாமி,” என்றாள் அவள். “சித்த நேரம் போகட்டும்.”

அவன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே இறக்கி வைத்தான். அதிலேயே உட்கார்ந்துகொண்டான். உள்ளே பால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.